ஒன்பது டின் கொழுப்பு

அன்றைக்கு அங்கே இருந்தவர்கள் ஐந்து பேர். கிணற்றுக் கொட்டகை வாசலில் கயிற்றுக் கட்டில் போட்டு உட்கார்ந்திருந்தவர் முதலாளி வேதாசலம். அவருக்குப் பின்னால் தூணில் சாய்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தவர் அவருடைய மைத்துனர் துரைக்கண்ணு. இரண்டு இரும்பு டிரம்களுக்கும் நடுவில், நோட்டும் பென்சிலுமாக நின்றவர் பரசுராமன் சார். சாருக்கு இந்தப் பக்கம், துடைக்கிற துணியைக் கையில் சுற்றிக்கொண்டு நான், இஞ்சின் டிரைவர் கன்னியப்பன். ஐந்தாவது ஆள் சவரிமுத்து. அவன் கொட்டகைக்குள் இல்லை; முள்வேலிக்கு அந்தப் பக்கம், வரப்பில் நின்றான். அவனை உள்ளே கூப்பிட யாருக்கும் தோன்றாது. அப்படிப்பட்ட காலம். ஆனால் பேசியதெல்லாம் அவன் காதில் விழுகிற தூரம்தான். இந்த ஐந்து பேரைத் தவிர வேறு ஒருவரும் கிடையாது. இதை மட்டும் நான் தைரியமாகச் சொல்லுவேன். மற்ற எதையும் தைரியமாகச் சொல்லிப் பழக்கமில்லை.

போன மாதம் இரண்டு பிள்ளைகள் என்னைத் தேடிக்கொண்டு வந்தார்கள். இரண்டு பேரும் இஞ்சினீயருக்குப் படித்தவர்கள். கறிக்கடைகளில் கழித்துப் போடுகிற கொழுப்பை வாங்கி, டீசல் இஞ்சினுக்கு எண்ணெய் செய்கிற கம்பெனியில் வேலையாம். பயோடீசல் என்று பெயர் சொன்னார்கள். உத்திரமேரூர் பக்கம் ஐம்பது வருஷத்துக்கு முன்பே யாரோ இதைச் செய்து பார்த்ததாகவும், அதில் நான் இருந்ததாகவும் எவனோ ஒரு மெக்கானிக் சொல்லியிருக்கிறான். “தாத்தா, அந்த அனுபவத்த எழுதிக் குடுங்க, எங்க கம்பெனி மலர்ல போடறோம்” என்றார்கள். பெருமையாகத்தான் கேட்டார்கள். எனக்கு அன்றிலிருந்து சாப்பாடு சரியாக இறங்கவில்லை.

நான் ஆறாவது வரைக்கும்தான் படித்தேன். அப்பா போனதும் புத்தகத்தை மூடிவிட்டுக் காஞ்சிபுரத்தில் ஒரு இஞ்சின் பட்டறையில் சேர்த்துவிட்டார்கள். மூன்று வருஷம் நட்டு கழுவினேன், பிஸ்டனில் கரி சுரண்டினேன், டீ வாங்கி வந்தேன். நான்காவது வருஷம் ஹாண்டில் போட்டு இஞ்சினை எழுப்ப விட்டார்கள். முதல் நாளே ஹாண்டில் திருப்பி அடித்து வலது மணிக்கட்டு உடைந்தது. எலும்பு கூடிவிட்டது, ஆனால் அன்றைக்குப் பிடித்த பயம் போகவில்லை. எண்ணெய்க் குழாயை மூடினேனா என்று பாதி வழி போய்த் திரும்பி ஓடிவருகிற ஆள் நான். இதைப் பார்த்துத்தான் முதலாளி வேதாசலம் என்னை வேலைக்கு எடுத்துக்கொண்டார். “பயந்தவன் கையில இஞ்சின் ரிப்பேர் ஆவாது” என்பார். உத்திரமேரூருக்கு வெளியே அவருக்கு முப்பது காணி நஞ்சை, இரண்டு கிணறு, இரண்டு ஆயில் இஞ்சின். இரண்டையும் நான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நான் சொல்லுகிற வருஷம் அறுபதுகளின் நடுவில். ஐப்பசி மழை ஏமாற்றி, ஏரியில் தண்ணீர் நிற்கவில்லை. நவரை நெற்பயிருக்குக் கிணற்றை விட்டால் வேறு வழி இல்லை. கிணற்றில் தண்ணீர் இருந்தது, இஞ்சினுக்குத்தான் எண்ணெய் இல்லை. தாலுக்கா ஆபீஸில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய் நாள் முழுக்க நின்றால் பாதி கேன் டீசல் ஊற்றுவார்கள். இரண்டு இஞ்சினும் ஒரு நாள் ஓடினால் அது தீர்ந்துவிடும்.

அப்போதுதான் பரசுராமன் சார் வந்து சேர்ந்தார். பட்டணத்தில் ஒரு சோப்புக் கம்பெனியில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். மார்புச் சளிக்கு ஊர்க் காற்று நல்லது என்று யாரோ சொல்ல, முதலாளி வீட்டு மாடியில் வாடகைக்கு இருந்தார். மெலிந்த உடம்பு, வெள்ளைச் சட்டை, கழுத்தில் எப்போதும் மஃப்ளர். என்னை ‘மிஸ்டர் கன்னியப்பன்’ என்று கூப்பிட்ட முதல் மனிதர் அவர்தான். முதல் தடவை யாரையோ கூப்பிடுகிறார் என்று திரும்பிப் பார்த்தேன். குரலை உயர்த்தவே மாட்டார். எதையும் ஒரு தடவைதான் சொல்லுவார், ஒரு தடவைதான் கேட்பார். நாம் சொல்லுகிற பதிலை அப்படியே பென்சிலால் நோட்டில் எழுதிக்கொள்வார். எழுதினதை அழிக்க மாட்டார்.

கொழுப்பிலிருந்து இஞ்சின் எண்ணெய் எடுக்கலாம் என்று முதலாளியிடம் சொன்னவர் அவர்தான். வெளிநாட்டில் எங்கேயோ பனை எண்ணெயை இப்படிப் பக்குவம் செய்து பஸ் ஓட்டினார்களாம், பழைய பத்திரிகை ஒன்றில் படித்தாராம். சோப்பு காய்ச்சுகிறவருக்குக் கொழுப்பின் குணம் தெரியும். கொழுப்போடு காஸ்டிக்கும் தண்ணீரும் சேர்ந்தால் சோப்பு. தண்ணீருக்குப் பதில் தண்ணீரே இல்லாத ஸ்பிரிட் சேர்ந்தால் மெல்லிய எண்ணெய். “நடுவுல இருக்கறது தண்ணி ஒண்ணுதான் மிஸ்டர் கன்னியப்பன்” என்றார். அந்தச் சொல்லை அவர் சொன்ன விதம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

செய்முறையை அந்தப் பிள்ளைகளுக்காக எழுதுகிறேன். முதலில் கொழுப்பைக் கொப்பரையில் உருக்கி, கசடை எடுத்து, சாக்குத் துணியில் வடிகட்ட வேண்டும். பிறகு வெறும் கொப்பரையில் ஊற்றி மறுபடி காய்ச்ச வேண்டும். உள்ளே ஈரம் இருக்கிற வரைக்கும் சடசட என்று சத்தம் வரும். சத்தம் அடங்கினதும் ஒரு ஓலை நறுக்கை அதில் நனைத்து நெருப்பில் காட்ட வேண்டும். பொரியாமல், தெறிக்காமல், சத்தமில்லாமல் எரிந்தால் கொழுப்பில் ஈரம் இல்லை. அடுத்தது ஸ்பிரிட். மேஜை நாற்காலிக்கு மெருகு போடுகிற ஸ்பிரிட்தான். அதில் சுட்ட கிளிஞ்சல் சுண்ணாம்பைப் போட்டு மூன்று நாள் வைத்தால், இருக்கிற ஈரத்தைச் சுண்ணாம்பு குடித்துவிடும். மேலே தெளிந்ததைக் குழாய் வைத்து வேறு ஜாடிக்கு எடுக்க வேண்டும். கொழுப்போடு கலப்பதற்கு முன்னால் ஒரு ஸ்பூனில் அந்த ஸ்பிரிட்டை ஊற்றிப் பற்றவைக்க வேண்டும். எரிந்து முடிந்ததும் ஸ்பூன் காய்ந்திருக்க வேண்டும். அடியில் ஒரு பொட்டு ஈரம் நின்றாலும் அந்த ஸ்பிரிட் உதவாது, திரும்பவும் சுண்ணாம்பில் போட வேண்டும். “மூணு நாள் போனா போகட்டும், ஈரத்தோட கலக்கக் கூடாது” என்பது சாரின் உத்தரவு. அதன் பிறகு காஸ்டிக்கை ஸ்பிரிட்டில் கரைத்து, கொழுப்பு கை பொறுக்கிற சூட்டுக்கு வந்ததும், அடுப்பை முழுக்க அணைத்துவிட்டுக் கலக்கித் துழாவி, ஒரு ராத்திரி விட்டால், அடியில் கருப்பாகக் கூழ் தங்கும், மேலே தேன் நிறத்தில் எண்ணெய் நிற்கும். அதைக் கழுவி, காயவைத்து, வடிகட்டி, பாதிக்குப் பாதி டீசலோடு சேர்த்து இஞ்சினில் ஊற்றலாம்.

சொல்லும்போது சுலபம். மதுவிலக்கு இருந்த காலம் அது. ஸ்பிரிட் ஜாடி ஒன்று வைத்துக்கொள்ளவே பர்மிட் வேண்டும். முதலாளி யாரையோ பிடித்துப் பர்மிட் வாங்கிவிட்டார். ஆனால் ஒவ்வொரு படி எடுக்கும்போதும் ரிஜிஸ்தரில் எழுத வேண்டும்: எடுத்தது இவ்வளவு, மீதி இவ்வளவு, கையெழுத்து கன்னியப்பன். கையெழுத்து என்னுடையது என்பதே எனக்குக் காய்ச்சல் வரப் போதுமானதாக இருந்தது. ஜாடியில் ஸ்பிரிட் நிற்கிற மட்டத்தில் சார் ஒரு சிவப்பு நூலைக் கட்டிவைப்பார். தினமும் காலையில் போனதும் நூலைப் பார்ப்பேன். மட்டம் சரியாக இருந்தால்தான் எனக்கு மூச்சு வரும். அந்த அறைக்கு இரண்டு சாவி. ஒன்று என் இடுப்பில், இன்னொன்று துரைக்கண்ணுவிடம்.

கொழுப்பு கொண்டுவந்து கொடுத்தவன் சவரிமுத்து. பக்கத்துக் காலனி. வாரத்தில் இரண்டு நாள் வாடகை சைக்கிளில் காஞ்சிபுரம் போய், கறிக்கடைகளில் தூக்கிப் போடுகிறதையும் தோல் மண்டியில் சுரண்டிப் போடுகிறதையும் வாரி வருவான். செத்த மாட்டுக் கொழுப்பும் வரும். காலனிக்குப் பின்னால் வைத்து உருக்கி, டின்னில் ஊற்றி, கொல்லை வழியாகக் கொண்டுவந்து வேலி ஓரம் வைப்பான். முதலாளி வீட்டில் பெண்களுக்கு இது இலுப்பை எண்ணெய் என்று சொல்லப்பட்டிருந்தது. சோதனைக்கு ரொக்கம் கொடுத்து வாங்கின இரண்டு டின்னில் இஞ்சின் ஓடினபோது, புகையில் வந்த மணத்தை மோந்து பார்த்துவிட்டு, நாற்று பிடுங்கிக்கொண்டிருந்த ஒரு பெண் பிள்ளை, “இன்னா மேஸ்திரி, இஞ்சினு ஞாயித்துக்கெயமைக்கு கறி ஆக்குதா?” என்று கேட்டாள். சார்கூட அன்றைக்குச் சிரித்தார். வாய்க்காலில் தண்ணீர் ஓடினது. அந்த ஒரு நாள்தான் அந்த வேலையில் எனக்கு நல்ல நாள்.

சோதனை பலித்ததும் முதலாளி பெரிய அளவில் செய்யச் சொன்னார். சவரிமுத்துவோடு பேசி முடித்தார். டின்னுக்குப் பதினாலு ரூபாய். ஆனால் பணம் கைக்கு வராது. சவரிமுத்துவின் தம்பி சின்னப்பன் முதலாளியிடம் படியாளாக இருந்தான். அவர்கள் அப்பன் வாங்கின கடன் நூற்று இருபது ரூபாய். அது தீருகிற வரைக்கும் சின்னப்பன் அங்கேயே உழைக்க வேண்டும், வேறு வேலைக்குப் போகக்கூடாது. கூலியாக அளக்கிற நெல் வயிற்றுக்குச் சரியாகிவிடும், கடன் நின்ற இடத்திலேயே நிற்கும். சின்னப்பனுக்குத் தாமல் பக்கம் ஒரு பெண்ணைப் பேசியிருந்தார்கள். படியாளாக இருக்கிறவனுக்குப் பெண் கொடுக்க மாட்டோம், தைக்குள் விட்டு வந்தால் கொடுக்கிறோம் என்று பெண் வீட்டில் சொல்லிவிட்டார்கள். ஒன்பது டின் வந்தால் கணக்கு நேராகும், தை முதல் தேதி சின்னப்பனை விட்டுவிடுகிறேன் என்று முதலாளி வாக்குக் கொடுத்தார். சவரிமுத்து என்னிடம் கணக்குச் சொல்லிச் சந்தோஷப்படுவான். ஒன்பது பதினாலு நூற்று இருபத்தாறு. கடன் போக ஆறு ரூபாய் மீதி. அதில் தம்பிக்கு ஒரு நல்ல வேட்டி.

அவன் எட்டாவது டின் கொண்டுவந்த அன்றுதான் என்று நினைக்கிறேன். மத்தியானம் நான் சாப்பிட்டுவிட்டு வருகிறபோது, துரைக்கண்ணு ஸ்பிரிட் அறையிலிருந்து வெளியே வந்தார். கையில் பித்தளைச் சொம்பு, அடியில் ஈரம் சொட்டினது. கண் சிவந்திருந்தது. “வெத்தலைக்கு சுண்ணாம்பு தேடிக்கினு வந்தேன்பா” என்றார். அறையில் இருந்தது நீற்றாத சுட்ட சுண்ணாம்பு, வாயில் வைத்தால் வெந்துவிடும்.  உள்ளே போய்த் தெளிந்த ஸ்பிரிட் ஜாடியின் நூலைப் பார்த்தேன். மட்டம் நூலோடு நூலாகச் சரியாக இருந்தது. சரியாக இருந்ததால் மனதைத் தேற்றிக்கொண்டேன். எடுத்த அளவுக்குச் சொம்புத் தண்ணீரை ஊற்றினாலும் மட்டம் சரியாகத்தான் இருக்கும் என்பது எனக்குத் தோன்றவில்லை என்று சொன்னால் அது பொய். தோன்றினது. தோன்றினதை மூடிவைத்தேன்.

மார்கழி பாதியில் ஒன்பதாவது டின்னும் வந்தது. சவரிமுத்துவே வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, ஒவ்வொரு டின்னாக நான் காய்ச்சுவதைப் பார்த்தான். ஒன்பது தடவையும் ஓலை நறுக்கு சத்தமில்லாமல் எரிந்தது. “நல்ல சரக்கு சவரி” என்று நான்தான் சொன்னேன்.

கலக்க வேண்டிய நாள் காலையில் சாருக்கு இருமல் அதிகமாகிக் காய்ச்சல். மாடியிலிருந்து இறங்க முடியவில்லை. என்னைக் கூப்பிட்டு, “ஸ்பூன் பார்த்துட்டு நீங்களே கலந்துடுங்க மிஸ்டர் கன்னியப்பன், உங்க கிட்ட எனக்கு நம்பிக்கை உண்டு” என்றார். நான் போய் ஸ்பூனில் ஸ்பிரிட்டை ஊற்றிப் பற்றவைத்தேன். நீலமாக எரிந்து அணைந்தது. அடியில் தண்ணீர் நின்றது. ஒரு பொட்டு இல்லை, ஸ்பூனைச் சாய்த்தால் ஓடுகிற அளவுக்கு.

 ஸ்பிரிட்டில் தண்ணீர் என்று சொன்னால், எப்படி வந்தது என்று கேட்பார்கள். சாவி இரண்டு பேரிடம்தான். துரைக்கண்ணு முதலாளி மனைவியின் கூடப் பிறந்தவர். அவர் குடித்தார் என்று நான் சொன்னால் அன்றைக்கே எனக்கு வேலை போகும். சொல்லாவிட்டால் குடித்தவன் நான். ரிஜிஸ்தரில் கையெழுத்து என்னுடையது. மதுவிலக்குக் கேஸில் ஆட்களைக் கயிறு கட்டிப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறேன். வீட்டில் அம்மா படுத்த படுக்கை, என் சம்பளம் ஒன்றுதான். கொட்டகைக் கூரையிலிருந்து பனி சொட்டிக்கொண்டிருந்தது. இது பனித் தண்ணீர் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஸ்பூனைத் துண்டால் துடைத்தேன். இரண்டாவது தடவை பற்றவைத்துப் பார்க்கவில்லை. எண்ணெய்க் குழாயை மூன்று தடவை பார்க்கிற நான், அதை மட்டும் இரண்டாவது தடவை பார்க்கவில்லை. காஸ்டிக்கைக் கரைத்து, இரண்டு டிரம்மிலும் கலந்துவிட்டேன்.

மறுநாள் காலை நடந்ததற்குத்தான் ஐந்து பேர் சாட்சி. சார் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு வந்து டிரம் மூடியைத் திறந்தார். எண்ணெய் இல்லை, கூழும் பிரியவில்லை. மேலிருந்து அடிவரை வெள்ளையாக உறைந்து கிடந்தது. கட்டையைச் செருகினால் நிமிர்ந்து நின்றது. இரண்டாவது டிரம்மும் அதே. சார் ஒரு துளியை விரலில் எடுத்துத் தேய்த்தார். நுரைத்தது.

“சீயக்கா கொண்டாரட்டுமா மாமா?” என்றார் துரைக்கண்ணு. “எல்லாரும் கெணத்துல ஒரு முழுக்கு போட்டுப் போலாம்.”

முதலாளி அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சார் நோட்டைத் திறந்தார்.

“மிஸ்டர் கன்னியப்பன், ஸ்பூன் காய்ஞ்சு இருந்ததா?”

துரைக்கண்ணு மெல்லுவதை நிறுத்தினார். என்னைப் பார்க்கவில்லை, கிணற்றைப் பார்த்தார்.

“இருந்துது சார்” என்றேன்.

சார் எழுதினார். எழுதி முடித்து, “அப்போ தண்ணி கொழுப்புலதான் வந்திருக்கணும்” என்றார். அதைக் கேள்வியாகக் கேட்கவில்லை. முதலாளி கட்டிலை விட்டு எழுந்து, காய்ச்சினது நீதானே, சரியாகக் காய்ச்சவில்லையா என்று என்னைக் கேட்டார்.  எந்தப் பக்கம் போனாலும் அது என்மேல் வந்து விழுகிறது. ஒரு பக்கம்தான் திறந்திருந்தது. அந்தப் பக்கம் முள்வேலி, வேலிக்கு அப்பால் சவரிமுத்து.

“நான் நல்லாத்தான் காச்சினேன்ங்க. டின்னு அடியில தண்ணி கலந்திருக்கும்ங்க. எடைக்கு.”

எடைக்கு என்கிற அந்த ஒரு வார்த்தையை யாரும் என்னிடம் கேட்கவில்லை. நானாகச் சேர்த்தேன்.

சவரிமுத்து கத்தவில்லை. வேலிக் கட்டையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத்தான் கேட்டான். “மேஸ்திரி, ஓலை வெச்சி காட்டினியே, நான் பாத்துக்கினு தான நின்னேன். சத்தமே வரலியே. நல்ல சரக்குன்னு உன் வாயால சொன்னியே மேஸ்திரி.”

சார் பென்சிலை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.  நான் கையில் இருந்த துணியைப் பிரித்துப் பிரித்துச் சுற்றினேன். அதற்குள் முதலாளி முடிவைச் சொல்லிவிட்டார். தண்ணீர் கலந்த சரக்குக்கு ஒரு காசு கிடையாது. ஸ்பிரிட்டும் காஸ்டிக்கும் போன நஷ்டத்தைக் கேட்காமல் விடுகிறேனே, அதுவே பெரிது.

“ஆண்டே, கொயுப்புல தண்ணி இல்ல ஆண்டே” என்றான் சவரிமுத்து. இரண்டு தடவை சொன்னான். பிறகு காலி டின்களைக்கூட எடுத்துக்கொள்ளாமல் வரப்போடு போய்விட்டான்.

பயிர் காயவில்லை. முதலாளி பட்டணத்திலிருந்து கள்ள விலைக்கு டீசல் வரவழைத்தார். நவரை நன்றாகவே விளைந்தது. டிரம்மில் இருந்த சோப்பை வெட்டி எடுத்து, வண்டி மாடு கழுவ இரண்டு வருஷம் வைத்துக்கொண்டார்கள். தை முதல் தேதி சின்னப்பன் முதலாளி வீட்டுத் தொழுவத்தில் சாணி அள்ளிக்கொண்டிருந்தான். தாமல் பெண்ணை அடுத்த மாசியிலேயே வேறு இடத்தில் கொடுத்துவிட்டார்கள்.

எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது, நான் சொன்னதைச் சின்னப்பன் நம்பிவிட்டான். அண்ணன் எடைக்கு ஆசைப்பட்டுத் தண்ணீர் ஊற்றித் தன் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டான் என்று அவன் மனதில் விழுந்துவிட்டது. ஒரே காலனியில், எதிரும் புதிருமான வீட்டில் இருந்துகொண்டு இரண்டு பேரும் பேச்சை விட்டார்கள். சின்னப்பன் இன்னும் ஒன்பது வருஷம் படியாளாக இருந்தான். முதலாளி காலமாகி, பிள்ளைகள் நிலத்தை விற்றபோதுதான் அவன் வெளியே வந்தான். கல்யாணம் ஆகவில்லை.

பரசுராமன் சார் அந்தத் தை கடைசியிலேயே பட்டணத்துக்குத் திரும்பிவிட்டார். உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்கு அவருடைய டிரங்குப் பெட்டியை நான்தான் தூக்கிக்கொண்டு போனேன்.  ஜன்னல் ஓரம் உட்கார்ந்த பிறகு, “நான் எதையும் ரெண்டாவது தடவை கேட்கறதில்லை மிஸ்டர் கன்னியப்பன். பழக்கம். அன்னிக்கு ஒரு நாள் கேட்டிருக்கலாம்” என்றார். நான் பெட்டியைச் சீட்டுக்கு அடியில் இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளினேன். அப்போது அவர் இரண்டாவது தடவை கேட்கத்தான் செய்தார் என்பது எனக்குப் புரிந்தது. கண்டக்டர் விசில் கொடுத்தான், நான் இறங்கிவிட்டேன்.

அதற்குப் பிறகு நான் முப்பது வருஷத்துக்கு மேல் இஞ்சின் பார்த்தேன். கரண்டு மோட்டார் பழகினேன், டிராக்டர் பழகினேன். நல்ல மெக்கானிக் என்றுதான் பெயர். பயந்து பயந்து செய்கிறவன், வேலை சுத்தமாக இருக்கும் என்பார்கள். அந்தப் பெயரைக் கேட்கிறபோதெல்லாம் எனக்கு ஸ்பூன் ஞாபகம் வரும்.

அந்த மார்கழிக்குப் பதினைந்து வருஷம் கழித்து, பெருநகர் கிராமத்தில் ஒரு இஞ்சின் வேலை முடித்துவிட்டு பஸ்ஸுக்கு நின்றபோது, டீக்கடையில் சவரிமுத்துவைப் பார்த்தேன். தலை வெளுத்திருந்தது. பெஞ்சில் எனக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தான். என்னை மேஸ்திரி என்று கூப்பிடவில்லை, பேர் சொல்லித்தான் கூப்பிட்டான். அதில் ஒன்றும் தப்பில்லை. நான் எத்தனையோ மாதமாக ஒரு கவரில் பணம் போட்டுப் பையிலேயே வைத்திருந்தேன், எங்கேயாவது பார்த்தால் கொடுக்கலாம் என்று. எடுத்து நீட்டினேன். எவ்வளவு என்று அவன் கேட்கவில்லை. தெரியும் அவனுக்கு.

“இத்த நீ எதுக்கு குடுக்கற கன்னியப்பா? கொயுப்ப வாங்கனவன் நீயா?”

மனசு கேட்கவில்லை என்றேன்.

“உன் மனசுக்கு மருந்து வாங்க என் துட்டா?” என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். கவரை என் சட்டைப் பையில் அவனே செருகினான். “துட்ட வாங்கிக்கினா கணக்கு முடிஞ்சி பூடும். நீ நிம்மதியா பூடுவ. அன்னிக்கி அஞ்சு பேர் இருந்தோம். அந்த அஞ்சு பேர் மின்ன சொல்லு, கொயுப்புல தண்ணி இல்லன்னு. என் தம்பியயும் கூட்டியாந்து வெச்சிக்கினு சொல்லு. அப்பால துட்டப் பத்தி பேசலாம்.”

டீக்கு அவன்தான் காசு கொடுத்தான்.

அப்போதே ஐந்து பேரில் முதலாளி இல்லை. சார் பட்டணத்தில் எங்கே இருந்தார் என்று தெரியாது. துரைக்கண்ணு மட்டும் இருந்தார். குடித்துக் குடித்துக் கண் பார்வை மங்கி, மகன் வீட்டில் கிடந்தார். அவரைக் கூட்டிக்கொண்டு போய்ச் சின்னப்பன் எதிரில் நிறுத்திச் சொல்லியிருக்கலாம். அந்த வீட்டு வாசல் வரைக்கும் ஒரு நாள் போனேன். செருப்புச் சத்தம் கேட்டு, “யாரு?” என்றார் உள்ளேயிருந்து. நான் வந்த வழியே திரும்பிவிட்டேன். அடுத்த வருஷம் அவரும் போய்விட்டார். சார் போன செய்தி அதற்கப்புறம் வந்தது. சவரிமுத்து போய் இரண்டு வருஷம் ஆகிறது. சாவுக்குப் போனேன். சின்னப்பன் எதிர் வீட்டு வாசலிலேயே நின்றான், தெருவைத் தாண்டி வரவில்லை. சவப்பெட்டியைத் தூக்குகிற நேரத்தில் மட்டும் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தான்.

ஐந்து பேரில் இனி நான் ஒருவன்தான். அவன் சொன்ன மாதிரி ஐந்து பேர் முன்னால் சொல்ல வழியில்லை. அதனால், அனுபவம் எழுதிக் கொடுங்கள் என்று கேட்ட பிள்ளைகளே, இதைப் படிக்கிற நீங்கள் அந்தக் கொட்டகையில் நின்றதாக வைத்துக்கொள்ளுங்கள். சின்னப்பனுக்குப் படிக்கத் தெரியாது. இதை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்னால், அவன் வீட்டுக்குப் போய் நானே படித்துக் காட்டுவதாக இருக்கிறேன். மூன்று நாளாகக் கிளம்பிக் கிளம்பித் திரும்பி வருகிறேன். இன்றைக்குப் போய்விடுவேன் என்று நினைக்கிறேன்.

கொழுப்பில் தண்ணீர் இல்லை. ஸ்பிரிட்டில் இருந்தது. ஸ்பூனில் நான் பார்த்தேன், துடைத்துவிட்டேன்.

சவரிமுத்து கொடுத்தது ஒன்பது டின். பேசின விலை டின்னுக்குப் பதினாலு. இன்றைய தேதி வரைக்கும் பாக்கி, நூற்று இருபத்தாறு ரூபாய்.